நான்காவது பலூன்

எங்கள் தலைமையாசிரியையும் வேதியியல் ஆசிரியையும் மாமியார், மருமகள். வீட்டில் "அத்தை", பள்ளி வாசலைத் தாண்டினால் "மேடம்". மருமகள் இதில் ஒருநாளும் தவறியதில்லை. மாமியாருக்கோ இரண்டு இடத்திலும் அவர் "ஏம்மா"தான்.

போன வருடம் வேறோர் ஆசிரியர் வாயு தயாரித்தபோது கண்ணாடிக் குடுவை வெடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் ஆய்வகத்துக்குப் பூட்டு விழுந்தது, சாவி தலைமையாசிரியையின் கைப்பைக்குள் போனது. இப்போது அந்த அறையில் விளையாட்டுச் சாமான்களைப் போடப் போவதாகப் பேச்சு. அதற்குமுன் மருமகளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு: வகுப்பறையில் ஒரு சோதனை செய்துகாட்ட வேண்டும், சத்தம் வரக்கூடாது. பக்கத்து வகுப்பறையில் கணக்கு நடத்தும் என்னைச் சாட்சிக்கு உட்காரவைத்தார்கள். மாமியார் மருமகள் விவகாரத்தில் தலையிட எனக்கென்ன பைத்தியமா? ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒரே அளவு வினிகர். அவற்றின் வாயில் மாட்டிய பலூன்களுக்குள் சமையல் சோடா: ஒரு ஸ்பூன், இரண்டு, மூன்று. தலைமையாசிரியை மேசையருகே வந்தார்.

"பாதுகாப்புக் கண்ணாடி போடாம யாரும் கிட்ட வரக்கூடாது, மேடம்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார்.

பலூன்களை நிமிர்த்தியதும் சோடா உள்ளே விழுந்தது. முதல் பலூன் உப்பியது. இரண்டாவது அதைவிடப் பெரிதானது. மூன்றாவது, இரண்டாவதின் அளவிலேயே நின்றுவிட்டது.

"வினிகர் தீர்ந்துபோச்சு. மிச்ச சோடாவுக்கு ஜோடி இல்ல," என்றார் மருமகள்.

தலைமையாசிரியை நம்பவில்லை. பலூனில் ஓட்டை என்றார். தானே நான்காவது பாட்டிலை எடுத்து, கழுத்துவரை வினிகர் ஊற்றி, பலூனில் சோடாவை அள்ளி அள்ளித் திணித்தார். எல்லாம் சமையலறைக் கண்ணளவு.

"அளந்து போடணும், மேடம்."

"எனக்கே சொல்லித் தர்றியா, ஏம்மா?"

மருமகள் பிள்ளைகளைப் பின்வரிசைக்கு அனுப்பினார். தலைமையாசிரியை பலூனை நிமிர்த்தினார். அது ஊதிக்கொண்டே போய் டமாரென்று வெடித்தது, நுரை அவர் முகமெங்கும் அடித்தது.

"அத்தை!" என்று கத்திக்கொண்டு மருமகள் ஓடினார்.

பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை நுரை வழிந்த பாதுகாப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார். கண்கள் இரண்டும் உலர்ந்தே இருந்தன. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அவர் கைப்பையைத் திறந்து சாவியை மேசைமேல் வைத்தார்.

"சத்தம் போட்டது நான்தான். எடுத்துக்கோங்க, டீச்சர்."