மூன்றாவது ஆளின் நேரம்

சமதளத்தில் சைக்கிள் ஓட்டுவது சுலபம் என்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். மேட்டில் ஏறினால் எப்படியும் ஓர் இறக்கம் வரும். கால்வாயோரக் காற்றுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது, முகத்தில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதற்கு மனித குலம் கண்டுபிடித்த ஒரே மருந்து, இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. முதுகு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது.

பல் டாக்டருக்கு அப்படி ஒரு முதுகு சொந்தத்திலேயே கிடைத்தது. அக்காவைக் கட்டியவருடையது.

அக்கா வீட்டுக்காரருக்குப் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுண்டரில் வேலை. ஊரார் பெட்டிகளை எல்லாம் எடை போடுகிறவரின் எடையை யாரும் கேட்டதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். பல் டாக்டரின் நண்பர்கள் அவருக்குப் பீரோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கூடவே சிரிப்பார். பீரோவில் மதிப்பான பொருளைத்தானே வைப்பார்கள் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

"மாமா, எங்க சைக்கிள் போட்டி டீமுக்கு நீங்கதான் கேப்டன்," என்றார் பல் டாக்டர் ஒருநாள்.

"நான் போய் என்ன மாப்ள..."

"கேப்டன்னா முன்னாடி போகணும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா. நாங்க உங்களுக்குப் பின்னாடியே இருப்போம்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பீரோ ஒரு கிராவல் சைக்கிள் வாங்கினார். ரேஸ் சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், சரளைக்கல் பாதைக்கான தடித்த டயர். கூடவே உடம்போடு ஒட்டும் டிராயர். அதைப் பார்த்ததும் பதிமூன்று வயது மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, இதைப் போட்டுக்கிட்டு என் ஸ்கூல் பக்கம் மட்டும் வந்துடாத. புது ஸ்கூல். இப்பதான் ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சிருக்காங்க."

"வர மாட்டேன்டா."

"டிராயர் இல்லாமலும் வராத." சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்து, "சீ, நீ வரவே வராத!" என்று திருத்தினாள்.

ஆனால் போட்டிக்கு வருகிறேன் என்றாள். பல் டாக்டர் மாமா ஓட்டுகிறாரே, தோழிகளையும் கூட்டிக்கொண்டு வருவாளாம். பீரோவுக்கு அது போதும். டாக்டர், அவருடைய நண்பர்களான வக்கீல், கணக்கு வாத்தியார் என்று படித்தவர்கள் நடுவே தோளோடு தோளாகத் தானும் முடிவுக்கோட்டைத் தாண்டுவதை அவள் ஒருமுறை பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய கால்வாய்க் கரையில் பயிற்சி நடந்தது. அந்தக் காலத்தில் சரக்குப் படகைக் கயிற்றில் கட்டி, கரையோரம் மாடுகளை விட்டு இழுக்கவைப்பார்களாம். அதற்காகப் போட்ட பாதை அது. மதகுக்குப் பக்கத்தில் படத்தோடு பலகை இருந்தது. வக்கீல் வாராவாரம் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, முன்னால் போகும் முதுகைப் பார்ப்பார். மூவரும் சிரிப்பார்கள்.

"என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லுங்களேன்," என்பார் பீரோ.

"காத்துல கேக்காது சார்! நீங்க மிதிங்க!"

போட்டி விதியை முதலில் படித்தவர் கணக்கு வாத்தியார். அணிக்கு நான்கு பேர் கிளம்ப வேண்டும். மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரம். நான்காவது ஆள் வரலாம், வராமலும் போகலாம். இவ்வளவு அழகான விதியைத் தான் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை என்று வாத்தியார் நெகிழ்ந்துபோனார். கேப்டனிடம் யாரும் சொல்லவில்லை. பாவம், அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை.

போட்டி நாளன்று பழைய கிடங்கின் வாசலில் கோடு போட்டிருந்தார்கள். கால்வாய்க் கரையோடு மதகு வரை போய், திரும்பி அதே கோட்டுக்கு வர வேண்டும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. மகள் இரண்டு தோழிகளோடு கயிற்றுக்கு வெளியே நின்றாள். பீரோ கையசைத்தார். அவள் போனைப் பார்த்தாள். வெயிலில் சரியாகத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்பினார்கள்.

"கொஞ்சம் வேகம், கேப்டன்!"

"இன்னும் கொஞ்சம் மாமா!"

பின்னால் மூவரும் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதுபோல வந்தார்கள். வக்கீல் ஒரு வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மதகு வருவதற்குள் பீரோவின் மூச்சு எண்ணெய் போடாத கதவைப் போலக் கத்தியது. ஒரு கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மதகைச் சுற்றித் திரும்பியதும், மூவரும் ஒவ்வொருவராக அவரைத் தாண்டினார்கள்.

"சூப்பர் மாமா! இனி நீங்க மெதுவா வாங்க."

"டீமு?"

"மூணு பேர் போதும் சார்," என்றார் வாத்தியார், சந்தேகம் கேட்ட மாணவனுக்குச் சொல்வதைப் போல. "மூணாவது ஆள் டைம்தான் கணக்கு. உங்க பங்கு முடிஞ்சிருச்சு."

அவர்கள் புள்ளியானார்கள். மதகுக்கருகே முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் நின்றது. ஓட்டுநர் பீரோவைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே பின்கதவைத் திறந்தார். இரண்டு கதவையும் திறந்தார்.

பீரோ ஏறவில்லை. மகள் கோட்டருகே நிற்கிறாளே. பிந்தினாலும் போய்ச் சேர வேண்டும். கல்லான காலை ஒரு கையால் குத்திக் குத்தி மிதித்தார்.

இடிந்த பாலத்தருகே வளைவில் வக்கீலின் பின்டயர் கிழிந்து, ஓட்டையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றியிருந்த வெள்ளைத் திரவம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஒட்டக்கூடிய கிழிசல் இல்லை. மற்ற இருவரும் அதைப் பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வளைவில் பீரோ தெரிந்ததும், பல் டாக்டர் வாழ்க்கையில் முதன்முறையாக அக்கா புருஷனைப் பார்த்து மனதாரச் சந்தோஷப்பட்டார்.

"மாமா! வாங்க மாமா! உங்கள நம்பித்தான் நிக்கிறோம்!"

மனத்தாங்கலை அப்படியே சாலையோரம் போட்டுவிட்டு பீரோ அவர்களோடு சேர்ந்துகொண்டார். நல்ல மனசு. வாத்தியார் ஒரு கையால் அவர் முதுகைத் தள்ள, டாக்டர் பக்கத்திலிருந்து கத்த, பீரோ இறங்காமலேயே ஒருமுறை வாந்தி எடுத்தார். "வேகத்தைக் குறைக்காதீங்க!" என்றார் வாத்தியார், காலை நகர்த்திக்கொண்டு.

மூவரும் சேர்ந்தே கோட்டைத் தாண்டினார்கள். தோளோடு தோள். அவர் நினைத்துப் பார்த்தது போலவே, சட்டையில் இருந்த வாந்தியைத் தவிர.

"ஜெயிச்சுட்டமா?"

"மூணு செகண்ட்ல போச்சு," என்றார் வாத்தியார். "பேங்க்காரங்க டீம் ஜெயிச்சுட்டாங்க."

பெரிய பலகையில் அணியின் நேரம் எரிந்தது. பக்கத்தில் அந்த நேரத்துக்குச் சொந்தக்காரரான மூன்றாவது ஆளின் எண். மைக்கில் அதை இரண்டு முறை வாசித்தார்கள்.

பல் டாக்டர் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க வராமலே இருந்திருக்கலாம்."

"நீதானே மாப்ள கூப்ட்ட?"

"கூப்ட்டேன். இல்லங்கல. ஆனா யோசிங்க. நீங்க வேன்ல ஏறியிருந்தா, பஞ்சரால போச்சுன்னு ஆகியிருக்கும். பஞ்சரை யாரு திட்டப்போறா? இப்ப பாருங்க, போர்டுல உங்க நம்பர்ல நிக்குது."

பீரோ யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது.

அதற்குள் வக்கீல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர, கூட்டம் கைதட்டியது. யாரோ தோளில் துண்டு போர்த்தினார்கள். மகள் தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். "ஐயோ, பஞ்சராமே அங்கிள்!" பீரோ அந்தப் பாட்டிலைப் பார்த்தார். காலியாகும்வரை பார்த்தார்.

திரும்பி வந்தவளைத் தோழி பிடித்துக்கொண்டாள். "உன் மாமா டீம் தோத்ததே அந்தக் குண்டு அங்கிளாலதானாம்டி. யாரு அவரு?"

பீரோ இரண்டடி தூரத்தில்தான் நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்து, பார்க்காமலேயே மறுபடி உள்ளே வைத்தாள்.

பிள்ளை தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தத் தகப்பனால் முடியும்?

"பாப்பா, உங்க மாமாகிட்ட சொல்லிடும்மா," என்றார் பீரோ, கவுண்டரில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில். "நான் கிளம்பறேன்னு."

மகளுக்கு மூச்சு வந்தது. நன்றியோடு தலையாட்டினாள்.

"சரி, அங்கிள்."