நாற்பத்தொரு டிக்

"எல்லாருக்குமா போட்ட?"

"எல்லாருக்கும்தான் அக்கா. நீங்கதானே சொன்னீங்க, காலியா விட்டா மெமோ வரும்னு."

கணக்கு டீச்சர் சிரித்தார். "நான் சொன்னது பாட்டு, படம் வரையறதுக்கு. நீச்சலுக்குமா? நல்லா இருக்கு போ! நம்ம ஸ்கூல்ல குடிக்கவே தண்ணி வர மாட்டேங்குது."

ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். மாணவர் திறன் அட்டையில் பன்னிரண்டு வரிகள். குழுவாகச் செயல்படுவது, சிந்தித்து முடிவெடுப்பது, நீந்துவது என்று போகும். போன வருடக் கடைசியில் என் வகுப்பின் நாற்பத்தொரு அட்டைகளையும் அடுக்கி, ஒரே மூச்சில் டிக் போட்டு முடித்தேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

"எதுக்குக் கேட்டேன்னா," என்றார் அவர், சாப்பாட்டு டப்பாவை மூடியபடி, "உன் பழைய கிளாஸை இன்னிக்கு நீச்சல்குளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பி.டி. சார் அட்டையைப் பாத்துதான் பிரிச்சாராம். தெரிஞ்சவங்க ஆழமான பக்கம்."

பி.டி. சாரின் எண்ணை அழுத்தினேன்.

மற்ற பிள்ளைகள் தெரியாது என்று கத்திவிடுவார்கள். பூனைக்குட்டி கத்த மாட்டாள். குரலே எழும்பாத அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. ஒருமுறை ஜன்னல் கதவில் விரல் நசுங்கியபோதுகூட, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். குதி என்றால் குதிப்பாள். 'தெரியாததைத் தெரியாது என்று தயங்காமல் சொல்கிறார்' என்ற வரியிலும் அவளுக்கு டிக் போட்டவள் நான்.

பி.டி. சார் நான்காவது தடவைதான் போனை எடுத்தார். பின்னால் ஒரே கூச்சல், விசில், தண்ணீர் அறையும் சத்தம்.

"என்ன டீச்சர், உங்க மீன்குஞ்சுங்களைப் பத்தி விசாரணையா? பாதி தெரியாதுன்னு அழுது இந்தப் பக்கம் ஓடி வந்துடுச்சு. மிச்சம் ஜோரா குதிக்குதுங்க!"

"சார், எல்லாரையும் மேல ஏத்துங்க! நான் சும்மா போட்ட டிக் அது."

"சும்மாவா? என்ன டீச்சர் சொல்றீங்க?"

"பூனைக்குட்டி எங்க சார்? ரெட்டை ஜடை, ஒல்லியா இருப்பா, பேசவே மாட்டா."

"இப்பதான் வரிசையில நின்னா..."

விசில் நீளமாக ஒலித்தது. கூச்சல் அடங்கியது. யாரோ ஈரக் காலோடு ஓடும் சத்தம்.

"சார், அவளைக் கூப்பிடுங்க. அவ பதில் சொல்றது எனக்குக் கேக்கணும். ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க சார்."