மேடம் என்று கூப்பிட்டவன்

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு மேசை, நான்கு கணினி, உள்ளே வந்தால் பகலா ராத்திரியா என்றே தெரியாது. அம்மா அக்கம்பக்கத்தில் என் மகள் கஸ்டமர் கேரில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதுவும் ஒரு வகையில் பொய்யில்லை.

தனியாக இருந்து போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். முதலில் விலாசத்தைச் சொல்வார்கள். பிறகு போடுவார்கள். நாங்கள் லைனில் இருந்துகொண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கீங்களா?" என்று கேட்போம். "இருக்கேன்" என்று வந்தால் சரி. மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் அந்த விலாசத்துக்கு ஆம்புலன்ஸ் போகும். அவ்வளவுதான் வேலை. போடாதே என்று சொல்லக் கூடாது. சொன்னால் லைனை வைத்துவிடுவார்கள், வைத்துவிட்டும் போடத்தான் போகிறார்கள். மூச்சு நின்றால் யாருக்கும் தெரியாது.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். சேர்ந்த புதிதில் நாக்கைக் கடித்துக் கடித்தே புண்ணாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் ஒரு காலத்தில் தானும் ஊசி போட்டுக்கொண்டிருந்து மீண்டவர். அவரை எல்லோரும் சித்தப்பா என்போம். கோபத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா, போகும்போது மறக்காமல் மாட்டிக்கொண்டு போ என்பார். அப்படித்தான் ஒரு குரலைப் பழகிக்கொண்டேன். தேன் தடவிய மாதிரி ஒரு ஆபீஸ் குரல். வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை, கேட்டால் சிரிப்பார்கள்.

கூப்பிடுகிறவர்கள் எங்களை அக்கா, அண்ணா என்றுதான் அழைப்பார்கள். அன்று மத்தியானம் ஒருவன் மேடம் என்றான்.

"மேடம், கொஞ்ச நேரம் லைன்ல இருப்பீங்களா?"

என் தம்பி. கூடப் பிறந்தவன். ஊசியை விட்டு ஒரு வருஷமாகிறது என்று நானும் அம்மாவும் நம்பிக்கொண்டிருந்த தம்பி.

விலாசம் கேட்டேன். கேட்கத்தான் வேண்டும், அது முறை. அவன் தெரு, கட்டடம், மாடி எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். என் வீட்டு விலாசத்தை, தெரியாத ஒருத்தி மாதிரி நான் தட்டச்சு செய்தேன். எந்த அறை என்று கேட்டேன். பாத்ரூம் என்றான். அவனுக்குப் பின்னால் குழாய் ஓடியது. அதற்கும் பின்னால் அம்மா, மோட்டாரை நிறுத்தினாயா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொந்தக்காரர்களின் அழைப்பு வந்தால் அடுத்த ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. "வேற ஆளுக்கு மாத்தட்டுமா?" என்றேன். வேண்டாம், நீங்களே இருங்க என்றான். அக்காவின் குரல் தம்பிக்குத் தெரியாதா? தெரிந்துதான் மேடம் போட்டான். தெரிந்தும் வைக்கவில்லை. நானும் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தான். வேறு யாராவது எடுத்தால் வைத்துவிட்டு மறுபடி அடிப்பான். என் தலையெழுத்தைப் பாருங்கள், வீட்டில் என் முகம் பார்த்துப் பேசாதவன் அங்கே வாய் ஓயாமல் பேசினான். குதிகால் வலிக்கிறது என்றான். வேலை தேடிப் போன இடத்தில் ஒருத்தர் இவன் கையிலிருந்த ஊசித் தழும்பையே உற்றுப் பார்த்தார் என்றான். ஒரு நாள், "எங்க வீட்ல ஒரு அக்கா இருக்கா மேடம், வாயத் தொறந்தா மூடமாட்டா" என்றான். அப்படியா, பாவம் நீங்க என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எத்தனை வருஷம் கழித்து!

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவன் சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருப்பான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு நான் கத்துவேன். கத்தாவிட்டால் சந்தேகம் வருமே! அம்மா என்னிடம் தனியாக, அவன் இப்போ எவ்வளவோ தேவலை, நீதான் எரிந்து விழுகிறாய் என்பாள். அம்மாவிடம் சொன்னால் அவன் போனைத் தொடமாட்டான். அவனிடம் கேட்டாலும் தொடமாட்டான். அவன் உயிர் அந்த ஒரு லைனில் தொங்கியது, அதை நானே அறுத்துவிடுவேனோ என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவனே சொன்னான். வழக்கம்போல் கேட்டேன், இருக்கேன் என்றான். அடுத்த தடவையும் சொன்னான், கொஞ்சம் இழுத்த மாதிரி. அதற்கடுத்த தடவை பதில் இல்லை.

இரண்டாம் தடவை கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும்தான்.

முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குக் கண் இமைக்காமல் ஆம்புலன்ஸை அனுப்பும் பட்டனை அழுத்தியிருக்கிறேன். அன்று கை எழவில்லை. ஆம்புலன்ஸ் பின்னாலேயே போலீஸும் வரும். அவன் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறது. இன்னொரு தடவை மாட்டினால் உள்ளேதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். உள்ளே போனால் அம்மா தாங்கமாட்டாள். இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, பாருங்கள். அங்கே அவனுக்கு மூச்சு இருந்ததா என்று தெரியாது, இங்கே நான் வக்கீலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் தடவை கேட்டேன். ஐந்தாம் தடவையும் கேட்டேன். சித்தப்பா எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். "அனுப்பும்மா" என்றார். எனக்கு ஆபீஸ் குரல் போய்விட்டது.

"டேய் எருமை! எழுந்திருடா! அக்கா கூப்பிடறேன்டா!"

அறையில் மற்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். சித்தப்பாவின் கை பட்டன் வரை போய்விட்டது. அப்போது ஏதோ உருண்டு விழுகிற சத்தம். ஒரு இருமல்.

"கத்தாதக்கா," என்றான். சித்தப்பா பட்டனை அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டார். அவன் லைனை வைத்துவிட்டான்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் குடிக்கும் வரை நின்றார்.

"தெரியாதவனா இருந்தா இவ்ளோ நேரம் விட்டிருப்பியா?" என்றார்.

இல்லை. விட்டிருக்கவே மாட்டேன். என் தம்பி என்பதால் சாகவிடப் பார்த்தேன்.

அதோடு அவன் கூப்பிடவில்லை. என்னிடம் வேண்டாம், வேறு யாரிடமாவது வந்தானா என்று தினமும் கேட்டேன். வரவில்லை. நானே வெட்கத்தை விட்டு அவன் எதிரில் போய் நின்று, என் மேல் கோபமென்றால் சித்தப்பாவிடம் பேசு என்றேன். என்ன பேச்சு, எந்த சித்தப்பா என்றான். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

நேற்றுக் காலை ஆபீசுக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன், பாத்ரூம் தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் ஓடத் தொடங்கியது. குளிக்கிற சத்தம் இல்லை, வெறும் தண்ணீர்.

கதவைத் திறடா நாயே என்பது தொண்டை வரை வந்துவிட்டது. கதவை உடைக்கலாம். உடைத்தால் நாளைக்கு வேறு கதவு, வேறு வீடு, பூட்டிக் கிடக்கும் ஏதாவது கட்டடம். நான் பக்கத்தில் போய்க் கதவில் வாயை வைத்தேன்.

"தம்பி, நான் லைன்ல இருக்கேன். நீங்க எதுவும் பேச வேண்டாம். கேக்கும்போது இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

தேன் தடவிய அதே குரல். என் வீட்டில், என் வாயிலிருந்து. எனக்கே கூச்சமாக இருந்தது. உள்ளே குழாய் நின்றது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். போதை மிஞ்சி மூச்சு நின்றால் மூக்கில் அடிக்க ஆபீஸில் கொடுத்த மருந்தைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யாரிடம் பேசுகிறாய், வேலைக்கு நேரமாகவில்லையா என்றாள். இன்றைக்கு லீவு என்றேன். நாளைக்கும் லீவா என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. பைக்குள் போன் அடித்தது. சித்தப்பாவாகத்தான் இருக்கும், ஆள் பற்றவில்லை, லைன் குவிகிறது என்பார். அங்கேயும் யாராவது ஒருவன் எங்கோ உட்கார்ந்து, யார் எடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருப்பான். நான் எடுக்கவில்லை.

"இருக்கீங்களா?" என்றேன் மறுபடி.

"இருக்கேன்."

ஆபீஸ் என்றால் சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். இங்கிருந்து நான் எங்கே போவேன்?