காஸ்பர் வீட்டு கேஸ் அடுப்பு

தொண்டூர் காஸ்பர் வீட்டில் கிருமிகளுக்குத்தான் முதல் பந்தி. பொழுது விடிந்ததும் அவன் மனைவி லில்லி சாணத்தை அள்ளி, தண்ணீர் விட்டுக் கையாலேயே கரைத்து, கொல்லையில் கிணறு மாதிரிக் கட்டியிருந்த தொட்டிக்குள் ஊற்றுவாள். பிள்ளைகளுக்குக் கூழ் அதற்குப் பிறகுதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சாணத்தைத் தின்று வாயுவை விடுகின்றன, அது மேலே கவிழ்த்த இரும்புத் தொப்பியைத் தூக்குகிறது, குழாய் வழியாக அடுப்புக்கு வருகிறது என்று கிராம சேவகர் இராமச்சந்திரன் விளக்கியிருந்தார். தின்பதற்கு இன்னும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது என்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

காஸ்பர் கெட்டவனில்லை. "புகையில ஒக்காந்தா கண்ணு போயிடும்மா" என்று செஞ்சி டாக்டர் லில்லியிடம் சொன்னதால்தான் அந்தத் தொட்டியையே கட்டினான். நீல நெருப்பு முதன்முதலாக எரிந்தபோது அவள் அழுதே விட்டாள். புகை இல்லாமல் அவள் அழுதது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான்.

பெருமைதான் வினையாயிற்று. சுற்றுவட்டாரத்தில் இல்லாத அடுப்பு. பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்பலாமா? அதுவும் அந்த நெருப்பில் போட்ட டீயாகத்தான் இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் கிருமிகளும் சுணங்கிப்போய் வாயுவைக் குறைவாகத்தான் விட்டன. உச்சிப்பொழுதுக்குள் வாயு தீர்ந்து தொப்பி இறங்கிவிடும். சோறு வடிக்க லில்லி பழையபடி விறகடுப்புக்குப் போவாள். முன்பாவது வறட்டி இருந்தது. இப்போது சாணமெல்லாம் தொட்டிக்குப் போவதால் கடலை பறித்தபின் கிடக்கும் ஈர மல்லாட்டைக் கொடிதான் மிச்சம். புகை முன்னைவிட மோசம். அரிசியில் கல் பொறுக்கக்கூட அவளுக்குப் பார்வை போதவில்லை. சொன்னால், "வந்தவங்கள இன்னா பண்றது? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பான் காஸ்பர்.

அன்று மேல்சித்தாமூரிலிருந்து ஏழெட்டுப் பேரை இராமச்சந்திரன் கூட்டி வந்தார்.

"லில்லி, எல்லாருக்கும் டீ போடு" என்றான் காஸ்பர்.

அவள் சோற்றுப் பானையைத் தூக்கி நீல நெருப்பில் வைத்தாள்.

"டீ இல்ல கேட்டேன்?"

"சோறு வேவட்டும். டீ வேணும்னா கொல்லையில அடுப்பு இருக்குது, நீங்க போய் போடுங்க. என்னால முடியல." இரைந்து சொல்லக்கூட அவளிடம் தெம்பில்லை.

ஆட்கள் முன்னால் சண்டை போட முடியாமல் காஸ்பர் பாத்திரத்தோடு கொல்லைக்குப் போனான். ஊதுகிற சத்தமும் இருமலும் கேட்டுக்கொண்டே இருந்தன. புகை வீட்டுக்குள் வந்து சூழ்ந்தது. வந்தவர்கள் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

"புகையே இருக்காதுன்னீங்களே சார்?" என்று ஒருவர் இராமச்சந்திரனிடம் கேட்டார்.

காஸ்பர் டீ இல்லாமலே திரும்பி வந்து வாசற்படியில் நின்றான். கண்களைத் திறக்க முடியவில்லை, தண்ணீர் கொட்டியது.

"கண்ண பாரு லில்லி, எப்டி செவந்துடுச்சி! தெனமும் இப்டியா?"

லில்லி அடுப்பருகிலிருந்து அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கிட்ட வாங்க" என்றாள். "அவ்ளோ தூரத்துல எனக்குத் தெரியல."