இரு தோட்டத்துத் தேறல்

மலையிடுக்கினின்று விடுபட்ட ரோன் ஆறு, கட்டவிழ்ந்த கன்றெனத் துள்ளியோடும் வளைவின்மேல், சுண்ணக்கற் சரிவைப் பற்றிநிற்கிறது எங்கள் வால்மிரோல் சிற்றூர். இலையுதிர் காலத்துப் பிற்பகல்களில் கொடிமுந்திரி எனும் திராட்சைப் பந்தல்கள் செம்பொன் பூண்டு நிற்க, நொதிக்கும் சாற்றின் மணம் தெருவெங்கும் பரவ, கோயில் மணியோசைகூடச் சற்றே தள்ளாடி வருவதாகத் தோன்றும்.

ஆயினும், கற்றறிந்த பெருமக்களே, முன்னாளில் எம்மூர் மதுவாம் தேறலை ஆற்றின் கீழூரார் எள்ளி நகைத்தனர். அதற்கு இருவர் பொறுப்பு. கைம்பெண் லெயோந்தின், பழம் தேனாய்க் கனியும்வரை பறியாது காத்திருப்பாள். அவள் தேறல் இனித்துக் கிடந்து, கோடை வருமுன் கெட்டுவிடும். அவள் மறைந்த கணவனின் தம்பி அந்தெல்ம், மழைக்கு அஞ்சி முன்னரே பறித்துவிடுவான். அவன் தேறல் நாவைக் கடிக்கும். "ஈக்களுக்கு விருந்து" என்று அவனும், "தோல் பதனிடும் நீர்" என்று அவளும் ஏசி ஏசி, இறுதியில் தோட்டத்திடையே கற்சுவர் எழுப்பிப் பேச்சையும் நிறுத்தினர்.

ஓராண்டு, அந்தெல்மின் சாறு தொட்டியில் பொங்கிக்கொண்டிருக்க, லெயோந்தினின் பழங்கள் கொடியிலேயே தொங்கிய வேளையில், மேற்கே பச்சை கலந்த கருமுகில் ஒன்று யானை நிரையென எழுந்தது. ஆலங்கட்டி முகில் அது. அவள் தனியே கூடையோடு ஓடுகையில், அந்தெல்ம் தன் ஆட்களுடன் சுவரேறிக் குதித்தான்.

"உன்னை யாருய்யா கூப்பிட்டது? சுவரு எதுக்குக் கட்டியிருக்கு?"

"திட்டுறத அப்புறம் திட்டிக்கலாம் மதினி. பழத்த அப்புறம் பறிக்க முடியாது. கூடைய இங்கிட்டுத் தள்ளுங்க!"

பாதித் தோட்டம் பறித்து முடித்ததுமே வானம் கல்லாய்ப் பொழிந்தது. மறுபாதி சேறும் சாறுமாய்ச் சிதைந்தது. அந்தெல்மின் நெற்றியில் குருதி வழியக் கண்ட லெயோந்தின், தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள்.

"கல்லடி படணும்னு உனக்கென்ன தலையெழுத்து?"

"எங்கண்ணன் நட்ட கொடி மதினி. நின்னு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

அவள் துணி முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள்.

எஞ்சிய பழமோ அவளுடைய பெருந்தொட்டியில் பாதியை நிரப்பவும் போதவில்லை. தனியே விட்டால் காற்றுப்பட்டுக் கெடும். அந்தெல்ம் தயங்கிச் சொன்னான்: "என் தொட்டியில இடமிருக்கு. கொண்டாந்து கொட்டுங்க."

"அந்தப் புளிச்ச தண்ணியிலயா? என் தங்கமான பழத்தையா?"

"கெட்டுப்போனா, கீழூர்க்காரன்கிட்ட ரெண்டு பேரும் ஒண்ணா ஏச்சு வாங்குவோம். தனித்தனியா வாங்கி அலுத்துப்போச்சு மதினி!"

அவள் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள், பின் கூடையைத் தூக்கினாள்.

இளவேனிலில் அத்தொட்டியைத் திறந்தபோது, மாதுளை முத்தின் நிறத்தில் வழிந்த தேறல், முதலில் நாவைக் குறும்பாய்க் கிள்ளி, பின்னர் நெஞ்சில் நெடுநேரம் வெதுவெதுத்து நின்றது. கீழூரார் எள்ளலை விடுத்து இரண்டாம் கிண்ணம் கேட்டனர். அன்றுமுதல் எம்மூரார் பாதியை முன்னரும் பாதியைப் பின்னரும் பறித்து, ஒரே தொட்டியில் நொதிக்க விடுகின்றனர்.

இத்தேறலின் பெயர் பெருநகர் விருந்துகளில் ஒலிப்பதில்லை. நெடுவழி செல்லவும் இதற்கு ஆற்றல் இல்லை. ஆயினும் பிணங்கிய உறவினர் இருவர் ஒரு பந்தியில் அமர நேரின், எம்மூரார் அறிவுரை ஏதும் கூறார். ஒரு குடுவையை நடுவே வைத்து அகல்வர். சொல் தானே வரும்.