பின் சீட்டின் பாரம்

தாழ்த்திய பழைய காருக்குப் பெரிய சக்கரம் போடக் கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். முதலில் ஆசைப்பட்டு ஸ்பிரிங்கை வெட்டி வண்டியின் வயிற்றைத் தரையோடு தரையாக இறக்குவார்கள். வேகத்தடையில் நாலு தடவை அடிவாங்கியதும் பெரிய வீல் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அது மட்கார்டுக்குள் எங்கே போய் உட்காரும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

பள்ளிக்கூட டீச்சர் ஒருவரும் அப்படித்தான் வந்தார். கரும்பச்சைக் கார், என்னைவிட வயதில் மூத்தது.

"இறக்குனதும் நீங்கதான், ஏத்தச் சொல்றதும் நீங்கதான்."

"நான் இல்லண்ணே, என் தம்பி."

"எல்லாரும் தம்பி மேலதான் பழியப் போடுறாங்க."

அவர் சிரித்துவிட்டார். "பின்னாடி இடது பக்கம் மட்டும் எதுலயோ உரசுதுண்ணே. அதையும் பாத்துடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

என்னுடையது விரல் கணக்கு. சக்கரத்தை மாட்டிவிட்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்ப்பேன். காலி வண்டியில் மூன்று விரல் போகவேண்டும். பின்னால் ஆள் ஏறினால் ஒரு விரலாவது மிஞ்சவேண்டும். மிஞ்சாவிட்டால் டயர் கிழியும்.

ஆள் ஏற்றிப் பார்க்க முன்பெல்லாம் என் மனைவிதான். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. "எல்லாரும் ஏறுங்க" என்று குரல் கொடுப்பேன். எல்லாரும் என்றால் அவள் ஒருத்திதான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பின் சீட்டில் வலது பக்கமாக ஏறி உட்காருவாள்.

"உங்களுக்கு நான் பொண்டாட்டியா, மூட்டையா?"

விரல் வைத்துப் பார்த்ததும் "எல்லாரும் இறங்குங்க" என்பேன். ஒரு ரவுண்டு கூட்டிப் போங்களேன் என்று கேட்பாள். கஸ்டமர் வண்டிம்மா, அப்புறம் பாக்கலாம் என்பேன். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

பட்டறைச் சுவரோரம் உடைசலிலிருந்து எடுத்த ஒரு கார் சீட் கிடக்கிறது. வேலை முடியும்வரை அதில்தான் உட்கார்ந்திருப்பாள். அவள் உட்கார்ந்த குழி இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. ஸ்பாஞ்சு செத்துவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்வேன். யாராவது அதில் உட்காரப் போனால் கடித்துக் குதறிவிடுவேன். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறேன். அதுவும் போய்விட்டால் எனக்கு ஒன்றுமில்லை.

டீச்சர் காருக்குச் சக்கரம் மாட்டி விரலை வைத்தேன். பின்பக்கம் வலதில் மூன்று, இடதில் ஒன்று. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று கழற்றி, வலதை இடதிலும் இடதை வலதிலும் மாற்றினேன். அப்போதும் இடதுதான் இறங்கி நின்றது. வண்டியைத் திருப்பி நிறுத்தினேன், காற்றைச் சரிபார்த்தேன், டிக்கியைத் துழாவினேன். ஒன்றுமே இல்லை. காலி வண்டி, ஓர் ஆளை ஏற்றிக்கொண்டதுபோல நின்றது.

மத்தியானம் ஆகிவிட்டது. பசி வேறு. ஸ்பானரைத் தூக்கிப் போட்டேன்.

"யாரா இருந்தாலும் சரி, எல்லாரும் இறங்குங்க. வேலை நடக்கணும்."

ஸ்பிரிங் மெல்ல முனகியது. இடது பக்கம் இரண்டு விரல் உயர்ந்தது. நான் தொடாத பின்கதவு லேசாகத் திறந்து நின்றது.

ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடித்து வேலையை முடித்தேன். கதவை மட்டும் காலால் தள்ளித்தான் சாத்தினேன்.

சாயங்காலம் டீச்சர் வந்து வண்டியை எடுத்தார். தெருமுனை வரை போனவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"பின்னாடி என்ன பண்ணீங்க?"

"உரசுதுன்னீங்க. சரி பண்ணேன்."

"வண்டி காலியா இருக்குண்ணே." பின் சீட்டைக் காட்டினார். "அம்மா கடைசி வரைக்கும் அந்த இடது பக்கம்தான் உக்காந்து ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. போனதுக்கப்புறமும் நான் பேசிக்கிட்டேதான் ஓட்டுறேன். கூடவே வர்றாங்கன்னு ஒரு நினைப்பு. இப்ப பேச வாய் வரல. முன்ன இருந்த மாதிரியே பண்ணிக் குடுத்துடுங்க."

என்ன சொல்வது? நான்தான் அதட்டி இறக்கிவிட்டேன் என்றா? பாவமாக இருந்தது. பின்கதவைத் திறந்து பிடித்தேன். பத்தொன்பது வருஷத்துப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"சரி, எல்லாரும் ஏறுங்க."

வண்டி மெதுவாக அமிழ்ந்தது. குனிந்து விரலை வைத்தேன். இடதில் ஒன்று. வலதிலும் ஒன்று. இரண்டு பக்கமும் சமம், எதிலும் உரசவில்லை. அடடா, ஒருவழியாக ஸ்பிரிங் படிந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். பின்னால் திரும்பிப் பார்க்காமலே "போலாம்மா" என்றார். இத்தனை அழகாக ஒரு தாழ்ந்த கார் தெருவில் போய் நான் பார்த்ததில்லை.

கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சுவரோரம் பார்த்தேன்.

சீட்டில் குழி இல்லை. கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்ததுபோல உப்பி நின்றது. கையால் அழுத்தினேன். உடனே எழும்பியது. ஸ்பாஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வருஷமும் ஒரு குறையும் இருந்ததில்லை, பாரம்தான் இருந்திருக்கிறது.

தெருவுக்கு ஓடினேன். வண்டி போயே போய்விட்டது. டீச்சருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. எடுத்தால்தான் என்ன சொல்லிக் கேட்பேன்?

ஏறச் சொன்னேன், ஏறிவிட்டாள். இறங்கச் சொல்ல மறந்துவிட்டேன்.