அக்கா நிற்கும் படம்

முத்துக்கனிக்குத் தன் அம்மாவின் முகம் தெரியாது. அவளுக்கு ஒன்றேகால் வயதாகும்போது என் அக்கா செல்லக்கனி வாந்திபேதியில் போய்விட்டாள். இரண்டே நாள். கோட்டாற்றில் போட்டோப் பிடிக்கிற கடை ஒன்று இருந்தது. அத்தான் வைகுண்டராஜன் வருஷா வருஷம் அடுத்த தைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தை வந்தது, அக்கா இல்லை. பிள்ளைகளை அந்நியப் பெண்ணிடம் விட மனமில்லாமல் பெரியவர்கள் என்னை அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். கட்டிக்கொண்ட பிறகும் அவர் எனக்கு அத்தான்தான், நான் பிள்ளைகளுக்குச் சித்திதான். எங்கள் வீட்டில் ஒருவரும் கூப்பிடும் முறையை மாற்றவில்லை.

எனக்கு வாய் நீளம். இராஜாக்கமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஆறு வருஷம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கொல்லம் ஆண்டு 1111, மாசி மாதம். பள்ளிக்கூடத்து நேசமணி வாத்தியார் திருவனந்தபுரம் போய்வந்தார். அங்கே மியூசியம் தோட்டத்தில் புதிதாகப் படக்கூடம் திறந்திருக்கிறார்கள், உள்ளே ஒரு படத்தின் கீழே ‘இராஜாக்கமங்கலம் துறையில் ஒரு பெண்’ என்று எழுதியிருக்கிறது என்று தேங்காய்க் களத்தில் வைத்து அத்தானிடம் சொன்னார். வாத்தியார் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்ததே அக்கா போன பிறகு. அந்தப் பெண் யார் என்று அவருக்குத் தெரியாது. அத்தானுக்குத் தெரியும். அன்று அவர் வீட்டுக்கு ஓடிவந்த வேகத்தில் செருப்பைக் களத்திலேயே விட்டுவிட்டார்.

"மக்கா, ஒங்கம்மையப் பாக்கப் போவோம்" என்று முத்துக்கனியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அக்கா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மட்டும் அடுக்களைக்குள் நழுவிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து படம் எழுதுகிற படக்காரர் ஒருவர் எங்கள் துறையில் வந்து தங்கியிருந்தார். தண்ணீர் எடுக்க வருகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து அக்காவைப் பொறுக்கினார். கூடவே நானும் நின்றேன். எனக்கு அப்போது பதினாலு வயது. விடியற்காலையிலேயே தலைசீவி, பூ வைத்து, என்னைத்தான் எழுதுவார் என்று எண்ணிப் போயிருந்தேன். அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் அப்போது மார்த்தாண்டம் சந்தைக்குக் கருப்பட்டி ஏற்றிப் போயிருந்தார். நான் அக்காவின் காதருகே போய், உன் முகத்தை ஊரான் எழுதினான் என்று அத்தான் அறிந்தால் உன்னை வீட்டில் ஏற்றமாட்டார், சொல்லிவிட்டேன் என்றேன். அத்தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அது எனக்கும் தெரியும். அக்கா பயந்தவள். இடுப்புக் குடத்தோடு கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். படக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவள் திரும்பவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து முதுகைத்தான் எழுதினார்.

படக்காரர் போன பிறகு ஊர் திரும்பிய அத்தான் விஷயம் கேட்டுப் பூரித்துப்போனார். முகம் நன்றாக வந்ததா என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் சொன்ன அந்தப் பொய்யை நம்பித்தான் இப்போது இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார்.

வாத்தியார் சொன்ன பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். புறப்படப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அத்தானின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வார்த்தையை விழுங்கினேன். படக்காரர் ஊருக்குப் போய்த் தன் யோசனையில் முகத்தைத் திருப்பி எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முத்துக்கனி என் கைக்கண்ணாடியை எடுத்துப் பாவாடை மடியில் முடிந்துகொண்டாள். ஊரில் எல்லாரும் அவளைப் பார்த்து, மூக்கு அப்படியே செல்லக்கனி என்பார்கள். அம்மையின் மூக்கையும் தன் மூக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அவளுக்குக் கண்ணாடி மேல் அபார நம்பிக்கை. அய்யாவழிக்காரர்களான நாங்கள் கும்பிடப் போகும் நிழல்தாங்கலில் சிலையோ படமோ கிடையாது, ஒரு பெரிய கண்ணாடிதான். ஆண்கள் தலைப்பாகை கட்டி அதன் முன்னால் நின்று வணங்குவார்கள். தெய்வம் உனக்குள்ளேயும் இருக்கிறது என்பது அதற்கு விளக்கம். ஐந்து வயதுக்கு அந்த விளக்கமெல்லாம் எட்டுமா? கண்ணாடி என்றால் அதில் முகம் தெரியும், அவளுக்கு அவ்வளவுதான்.

இருட்டோடு வில்வண்டியில் கோட்டாறு போய்ப் பஸ் பிடித்தோம். சுங்கான்கடை தாண்டுவதற்குள் மூத்தவன் குமாரதாஸ் எனக்கும் முத்துக்கனிக்கும் நடுவில் கட்டுச்சோற்று மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். எட்டு வயது, ஆனால் கனத்தில் பன்னிரண்டு. புளிச்சோறு இலையைப் பிதுக்கிக்கொண்டு வந்தது. தக்கலையில் முத்துக்கனி வாந்தியெடுத்தாள், அதுவும் முன்சீட்டில் சரிகை நேரியலைத் தோளில் போர்த்தியிருந்த பெரியவர் முதுகில். அவர் ஏதோ வழக்குக்குப் போகிறவராம். அத்தான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் இஞ்சின் கொதித்து நின்றது, ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். ஒவ்வொரு தடங்கலுக்கும் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் இன்னும் ஒன்று வராதா, கூடம் பூட்டிய பிறகு போய்ச் சேரமாட்டோமா என்று வேண்டிக்கொண்டு இருந்தேன்.

மார்த்தாண்டத்தில் டயர் வெடித்தது. மாற்றிக்கொண்டிருந்தபோது குமாரதாஸ் சந்தைப் பக்கம் நழுவிப் போவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன், கூப்பிடவில்லை. இவ்வளவு கெட்டவளா நான் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். அத்தான் சந்தை முழுக்கப் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி, பாம்பாட்டி முன்னால் நின்றவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்தார். கண்டக்டர் வசவோடு காத்திருந்தார். பஸ் போய்விடவில்லை.

மறுபடி ஏறியதும் முத்துக்கனி அண்ணனிடம் அம்மை எப்படி இருப்பாள் என்று கேட்டாள். அவன் பெரிய மனுஷத் தோரணையில், தனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று ஆரம்பித்தான். மாநிறம், சுருட்டை முடி, நாடியில் ஒரு மச்சம். அத்தான் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். அக்காவுக்கு மோவாயில் மச்சம் கிடையாது. அது எனக்குத்தான் உண்டு. பிள்ளைக்கு அம்மாவின் முகம் அழிந்து என் முகம் வந்து உட்கார்ந்துவிட்டது, அது அவனுக்கே தெரியவில்லை. நெய்யாற்றின்கரை வரைக்கும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். எனக்கும் வாந்தி வருகிறது என்று எண்ணி அந்தச் சரிகை நேரியல்காரர் இடம் மாறிக்கொண்டார்.

மியூசியம் தோட்டத்துக்குப் போனபோது மணி மூன்றரை. முதலில் தவறிப்போய்ச் செத்த மிருகங்களை வைத்திருக்கும் கட்டிடத்தில் நுழைந்துவிட்டோம். குமாரதாஸ் புலியை விட்டு வரமாட்டேன் என்றான். கெஞ்சி இழுத்துக்கொண்டு படக்கூடத்துக்கு வந்தோம். வாசலில் அத்தான் செருப்பைக் கழற்றினார், தோள்துண்டை எடுத்து நிழல்தாங்கலில் கட்டுகிறதுபோலத் தலைப்பாகை கட்டினார். காவல்காரர் இது கோயில் இல்லை என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது அறையில் இருந்தது.

துறை, மணல்மேடு, பெரிய கடல். சிவப்புக் கட்டம் போட்ட சேலை. குடம் சுமந்த இடுப்பை ஒருபக்கம் சாய்த்து நிற்கிற அந்த நிற்பு. வடித்த காதில் பாம்படம், பிடரியில் கலைந்த நாலு முடி வரைக்கும் அப்படியே அக்கா. முகம் கடலைப் பார்த்து இருந்தது.

அத்தான் கிட்டப் போனார், தள்ளி நின்றார், இடது பக்கம் போய்ப் பார்த்தார். படத்துக்குப் போட்டிருந்த கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு முத்துக்கனி ஒரு நிமிஷம் மலர்ந்தாள். அம்மை என்னைப் போலவே இருக்கிறாள் என்றாள். அது நீதாம்டி என்றான் குமாரதாஸ். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு மடியை அவிழ்த்துக் கைக்கண்ணாடியை எடுத்தாள், தன்னைத் தூக்கச் சொன்னாள். அத்தான் தூக்கினார். கடல் இருக்கும் பக்கமாகச் சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, அம்மையின் முகம் விழுகிறதா என்று எட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். மறுபக்கத்துக்கும் போகச் சொன்னாள். காவல்காரர் தடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"முகம் நல்லா வந்திருக்குண்ணுல்லா சொன்னா" என்றார் அத்தான். என்னிடம் சொன்னாரா, படத்திடம் சொன்னாரா, தெரியவில்லை.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தான், நான்தான் அவள அங்கோட்டுத் திரும்பி நிக்கச் சொன்னேன்" என்றேன். என் பொறாமையைச் சொன்னேன். அக்காவைப் பயமுறுத்தியதையும் கதவுக்குப் பின்னால் நின்றதையும் மார்த்தாண்டத்தில் பையனைக் கூப்பிடாமல் இருந்ததையும், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை இறக்கிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குமாரதாஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் என் நாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துக்கனி மட்டும் என்னிடம் வந்தாள்.

"சித்தி, நீ சொல்லித்தான் அம்மை அங்கோட்டுத் திரும்புனாளா?"

"ஆமா மக்கா."

"அப்ப நீயே இங்கோட்டுத் திரும்பச் சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா."

தலைமுடியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். படத்துக்கு நேரே போய் நின்று, மூக்கைப் பார்க்க வசதியாகக் கண்ணாடியைத் தன் கன்னத்தருகே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு எனக்குத் தலையசைத்தாள்.

"அக்கா" என்றேன். "இங்கோட்டுத் திரும்பு."

முத்துக்கனி இமைக்காமல் பார்த்து நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு கண்ணாடியைத் தாழ்த்தாமலே மறு கையால் என் முந்தானையை இழுத்தாள்.

"கேக்கல சித்தி. கடல் சத்தம்லா. கொஞ்சம் உரக்கக் கூப்பிடு."

உரக்கக் கூப்பிட்டேன்.